தூளி தொங்கிய ஏழாம் வகுப்பு

“அம்மா, நீ ஸ்கூல்ல இருக்கிற மாதிரி ஏன் வீட்ல இருக்க மாட்டேங்கிற?”

என் மகள் இதைக் கேட்டது ஆடி மாதத்தில். இப்போது கார்த்திகை. இன்னும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் இரண்டாம் வகுப்பு. நான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே படிக்கிறாள். சின்ன வகுப்புகளை மாலையில் முன்னதாகவே விட்டுவிடுவார்கள். அதனால் என் ஏழாம் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, நான் பாடம் முடிக்கும்வரை காத்திருப்பாள். அன்று காந்தம் பற்றிய பாடம். காந்தம் இரும்பை இழுப்பதற்குக் காரணம் அதற்கு இரும்பை ரொம்பப் பிடிக்கும் என்பதுதான் என்று ஒரு பையன் எழுந்து நின்று பொறுப்பாக விளக்கினான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்படியானால் செம்போடு அதற்கு என்ன சண்டை என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். மணி அடிக்கும்வரை வகுப்பு முழுவதும் அந்தச் சண்டைக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நிற்கும்போதுதான் மகள் கேட்டாள். முந்தின நாள் கூட்டல் கணக்கு ஒன்றில் அவள் தப்புச் செய்ததற்காக நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வைத்திருந்தேன்.

கேட் திறந்தது. “பாத்து நட, தண்டவாளம்” என்றேன்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அவள் அந்த வகுப்பில் இருந்தது இது முதல் தடவை இல்லை. கைக்குழந்தையாக அங்கே தூளியில் தூங்கியிருக்கிறாள். அதைச் சொன்னால்தான் என் குழப்பம் உங்களுக்குப் புரியும்.

எங்கள் பள்ளி ஆவடிப் பக்கம், தொழிற்சாலைக் குடியிருப்பின் ஓரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ். மறுபக்கம் நெமிலிச்சேரி வரைக்கும் வயலும் ஏரியும். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்தவர்கள். நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். எனக்கும் என் கணவருக்கும் கோவில்பட்டிப் பக்கம். வயல் பக்கத்துப் பிள்ளைகள் அந்த மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். ஒரே பெஞ்சில் ஒருவன் ‘ஏலே’ என்பான், பக்கத்தில் ஒருத்தி ‘ஏனுங்க’ என்பாள், மூன்றாவதாக வயல் பக்கத்து ஆள் ‘இன்னாபா’ என்பான். சண்டை வந்தால் மட்டும் எல்லோருக்கும் வயல்காட்டுப் பேச்சு வந்துவிடும். சண்டை போட அதுதான் வசதி என்று அவர்களே ஒருமுறை எனக்கு விளக்கினார்கள்.

பி.எட். முடித்துவிட்டு நான் அங்கே சேர்ந்தபோது, ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளை யாரும் விரும்பி எடுக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் என்றால் மிரட்டலாம், பெரிய பிள்ளைகள் என்றால் பேசலாம், இதுகள் இரண்டிலும் சேராது என்று மற்ற ஆசிரியைகள் சொன்னார்கள். புதிதாக வந்தவள் என்பதால் என் தலையில் கட்டினார்கள். அது எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்று தெரிந்துகொள்ள ஒரு மாதம் கூட ஆகவில்லை.

அந்த வயதைப் போல ஒரு வயது கிடையாது. காலையில் பென்சில் தொலைந்ததற்கு அழுதவன், மதியம் தலையில் தண்ணீர் தொட்டுச் சீவிக்கொண்டு பெரிய மனுஷனாக வந்து நிற்பான். பாம்புச் சட்டையைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக் கொண்டுவந்து பரிசாகக் கொடுப்பார்கள். குவார்ட்டர்ஸ் பையன்கள் பழைய பேரிங்கிலிருந்து எடுத்த இரும்புக் குண்டுகளை வைத்துக் கோலி ஆடுவார்கள். வயல் பக்கத்துப் பையன்கள் கண்ணாடிக் கோலி உடைந்துபோகிறது என்று பஞ்சாயத்துக்கு என்னிடம் வருவார்கள். மீன் தும்முமா என்று ஒருத்தி கேட்டாள். தெரியவில்லை என்றேன். டீச்சருக்கே தெரியவில்லை என்பதில் அவர்களுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் ஒரு கூட்டம் மீனைப் பார்த்தபடி குந்தியிருந்ததாக மறுநாள் கேள்விப்பட்டேன்.

பிறகு மகள் பிறந்தாள். விடுப்பு முடிந்து நான் திரும்பியபோது அவள் கவிழ்ந்து தவழத் தொடங்கியிருந்தாள். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. நீண்ட விடுப்பு மறுபடி கேட்டால் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். கணவரிடம் நானே ஓர் ஒப்பந்தம் பேசினேன். முழுப் பரீட்சை வரை பார்ப்போம், குழந்தைக்கு ஒத்துவராவிட்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதவரிடம் வாக்குக் கொடுப்பதுதான் என் வழக்கம்.

குழந்தையை எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். கோயம்புத்தூர்க்காரர். “நீ போய்ட்டு வா கண்ணு, இவ என்ற மடியில கிடப்பா” என்று வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்வார். ஆனால் தைக்கு முன்னாலேயே ஊரில் அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்து, உடனே ரயிலேறிவிட்டார். எப்போது திரும்புவார் என்று தெரியாது. என் கணவருக்கோ ஷிப்ட் வாராவாரம் மாறும்.

மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரிய டீச்சர் அறைக்குப் போனேன். தலைமை ஆசிரியையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வேலையை விடுவதாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“கண்ணாடி இல்லாட்டி எனக்கு ஒண்ணும் தெரியாது. உன் கையில இருக்கிறது என்னன்னே தெரியல. அந்த அக்கா வர்ற வரைக்கும் எனக்குக் கண்ணாடி ரிப்பேர். போய் கிளாஸ் எடு.”

ஏழாம் வகுப்பு என் வகுப்பு. கூரை சிமெண்ட் அட்டை. சுவருக்குச் சுவர் ஓர் இரும்புக் குழாய் ஓடும். என் பழைய நூல் புடவையை அதில் தூளியாகக் கட்டினோம். கட்டினோம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன், கட்டியது அவர்கள்தான். நான் போட்ட முடிச்சை ஒருவன் அவிழ்த்துவிட்டு வேறு முடிச்சுப் போட்டான். அது தாங்குமா என்று பார்க்க எல்லோருடைய புத்தகப் பைகளையும் உள்ளே அடுக்கி ஆட்டினார்கள். பிறகு தூளியில் ஒரு கொடிக்கயிற்றைக் கட்டி, கடைசிப் பெஞ்ச் வரை கொண்டுபோனார்கள். அங்கே உட்கார்ந்தபடியே ஆட்டலாம். அதுவரை முதல் பெஞ்சை விட்டு அசையாத கெட்டிக்காரப் பெண்கள் எல்லாம் கண் சரியாகத் தெரிகிறது, பின்னால் உட்காருகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

கயிற்றுக்கு அடிதடி வராமலிருக்க ஒரு வழி செய்தேன். யார் சரியான பதில் சொல்கிறார்களோ அவர்கள் கையில் கயிறு. அடுத்தவர் சரியாகச் சொல்லும்வரை அவர்களே ஆட்டலாம். எந்தப் பரிசுக்கும் படிக்காத பிள்ளைகள் கூட அந்தக் கயிற்றுக்காகப் படித்தார்கள். படிக்க வந்த பிள்ளைகளைத் தூளி ஆட்ட வைப்பது நியாயமா என்று எனக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் உயிரியல் பாடத்தில் அவர்கள் கேட்ட கேள்விகளைப் பார்த்தால் உறுத்தல் போய்விடும். குழந்தைக்கு முதலில் கீழ்ப்பல் வருவது ஏன், அவள் ஏன் எதையும் வாயில் வைத்தே பார்க்கிறாள், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பார்த்தோமா, எப்போது நிறுத்தினோம்?

ஒரு சிக்கல், குழந்தை தூங்க வேண்டும். குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டிலும் ஒரு சட்டம் உண்டு. அப்பா நைட் ஷிப்ட் முடிந்து தூங்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் அவர் வந்து படுத்தால், அந்த இரண்டு அறைக்குள் மற்றவர்கள் அரை நாள் சத்தமில்லாமல் நடமாட வேண்டும். அதற்கென்று பிள்ளைகளிடம் ஒரு கைப்பேச்சு இருந்தது. கன்னத்தில் உள்ளங்கை என்றால் அப்பா தூங்குகிறார். இரண்டு விரலை மடக்கி ஆட்டினால் வாசலில் ஆள். வயிற்றைத் தட்டிவிட்டுப் புருவத்தைத் தூக்கினால் சாப்பிட என்ன இருக்கிறது. என் மகளுக்காக அவர்கள் அந்தக் கைப்பேச்சை வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள். குவார்ட்டர்ஸ்காரியான எனக்கும் அதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை. தூக்கம் என்றால் அமைதி. பாடம் முழுவதும் கையாலேயே நடந்தது. மூக்கைப் பிடித்து விட்டால் ஆக்சிஜன். விரல்களைக் கீழே தொங்கவிட்டால் வேர். ஜன்னல் வெயிலில் உள்ளங்கையை நீட்டி, அப்படியே வாய்க்குக் கொண்டுபோனால் ஒளிச்சேர்க்கை. அதை விடச் சிறப்பாக ஒளிச்சேர்க்கையை யாரும் விளக்கி நான் பார்த்ததில்லை.

வயல் பக்கத்துப் பிள்ளைகளும் வேடிக்கையாகக் கற்றுக்கொண்டார்கள். ஒருத்தியைத் தவிர. அவள் முதல் பெஞ்ச். அவளுக்கு இருந்த குரல் அப்படி. ஏரிக்கு அந்தக் கரையில் மேயும் மாட்டை இந்தக் கரையிலிருந்து கூப்பிடுகிற வீடு அவளுடையது. பதில் எல்லாம் தெரியும். ஆனால் கையால் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் பொறுமை போய் வாயைத் திறந்துவிடுவாள். உடனே வகுப்பு முழுவதும் கன்னத்தில் கை வைத்து அவளை முறைக்கும். கயிறு அவளிடம் போகவே இல்லை.

“எனுக்கு மெதுவா பேச வராது டீச்சர். எங்க ஊட்ல மெதுவா பேசுனா மாடு கூட வராது.”

பின்னாலிருந்து ஒரு பையன், “இன்னா மாமே, டீச்சர் கொழந்தைய மாடுன்றா” என்று கிசுகிசுத்தான். அவள் திரும்பி அவனைப் பார்த்த பார்வைக்கு மட்டும் சத்தம் தேவைப்படவில்லை. ஆனால் அன்று மதியம் அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ஒரு குழந்தைக்காக இன்னொரு குழந்தையின் வாயை அடைக்கிறேனோ என்று தோன்றியது. தோன்றியதே தவிர, நான் ஒன்றும் செய்யவில்லை.

நான் பால் கொடுக்க ஆசிரியர் அறைக்குப் போகும் நேரங்களில் வகுப்பில் சத்தம் காதைப் பிளக்கும். அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வரும். ஒருநாள் திரும்பும்போது, காலித் தூளியில் ஒரே ஒரு பையை வைத்து ஆட்டிக்கொண்டு, கூட்டமாக எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்ன என்று கேட்டேன். குழந்தை இருந்தால் தூளி மெதுவாகப் போகும், காலியாக இருந்தால் வேகமாகப் போகும் என்று பந்தயமாம். வாய்ப்பாட்டை ஒரே சீராகச் சொல்லிக்கொண்டே ஆட்டிப் பார்த்தால், ஒரு பை வைத்தாலும் ஐந்து பை வைத்தாலும் தூளி திரும்பி வருகிற இடம் அதே வரியில் வருகிறது. புடவையைச் சுருக்கி மேலே முடிந்தால் மட்டும் வேகமாக வருகிறது. ஊசல் பாடம் எங்கள் புத்தகத்தில் இன்னும் பல பக்கங்கள் தள்ளி இருந்தது. அவர்கள் தாங்களாகவே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றேன். கண் கலங்கியது. சந்தோஷத்தில் கூட எனக்கு முதலில் அழுகைதான் வரும்.

அந்த வாரமே கல்வி அதிகாரி வந்தார். சொல்லாமல் வந்த ஆய்வு. பெரிய டீச்சர் ஒரு பிள்ளையை ஓடவிட்டுச் சொல்லி அனுப்பினார். சேதியும் அதிகாரியும் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். தூளியை அவிழ்க்க நேரமில்லை. உள்ளே குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் சத்தமே இல்லாமல் எழுந்து நின்று கைகூப்பி, சத்தமே இல்லாமல் உட்கார்ந்தார்கள். பெரிய டீச்சர் அவருக்குப் பின்னால் கண்ணாடி இல்லாமல் நின்றார்.

வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குப் பதிலாக, இந்தப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

செடிக்கு உணவு எப்படிக் கிடைக்கிறது என்று அவர் கேட்டார். வகுப்பு முழுவதும் ஜன்னல் பக்கம் கை நீட்டி, வாய்க்குக் கொண்டுபோனது. அவர் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் அதே பதில்தான். என் பக்கம் திரும்பினார். நான் வாய் திறப்பதற்குள் அவருடைய கண் பின்னால் போய்விட்டது. தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவன் பயத்தில் நிறுத்த மறந்திருந்தான்.

“அது என்ன?” என்றார்.

முதல் பெஞ்ச் பெண் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் தலையசைத்தேனா, சரி என்று அசைத்தேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அவள் எழுந்தாள். ஏரிக்கு அக்கரை வரை கேட்கும் குரலில் சொன்னாள்.

“ஊசல் சார். உள்ள இன்னா வெச்சாலும் ஒரே மாரிதான் ஆடும். நீளத்த கொறச்சாத்தான் வேகமா ஆடும். பை வெச்சி பாத்துக்கீறோம் சார், நீங்க வோணா வெச்சி பாருங்க.”

தூளிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தோம். வந்தது சிரிப்பு. புடவை விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் மகள் தலையைத் தூக்கி, அந்தக் குரல் வந்த திசையைத் தேடி, கீழ்ப்பல் தெரியச் சிரித்தாள்.

அதிகாரி தூளிப் பக்கம் நடந்துபோய், குனிந்து பார்த்தார்.

“இந்த எடைக்கு எத்தனை மாசம்மா ஆகுது?”

பழக்கத்தில் நானும் கைப்பேச்சில் விரல்களைக் காட்டினேன். பிள்ளைகளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. முதலில் ஒருத்தி, அப்புறம் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவ்வளவு நாள் அடைத்து வைத்த சிரிப்பு. அவரும் ஒரு பையை வாங்கி, காலித் தூளியில் போட்டு, வாய்ப்பாடு சொல்லச் சொல்லி ஆட்டிப் பார்த்தார். குழந்தை முதல் பெஞ்ச் பெண்ணின் இடுப்பில் இருந்தாள். யார் தூக்கிக் கொடுத்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

அவர் போன பிறகு பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அதிகாரி ஒரே ஒரு குறைதான் சொல்லியிருக்கிறார் என்றார். அட்டைக் கூரைக்கு நேர் கீழே சூடு இறங்கும், தூளியை ஜன்னல் பக்கம் மாற்றச் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அதன் பிறகு கைப்பேச்சு தேவைப்படவில்லை. சத்தத்திலும் அவள் நன்றாகவே தூங்கினாள். அமைதி வேண்டும் என்பது எங்கள் குவார்ட்டர்ஸ் பழக்கமே தவிர, அவளுடைய தேவையாக இருக்கவில்லை. அதை அவளிடம் யாரும் விசாரிக்கவில்லை, நான் உட்பட. கயிறு முதல் பெஞ்சுக்கு நீண்டது. அந்தப் பெண் ஒரு நாள் முழுவதும் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. அவள் சத்தமாகப் பதில் சொல்லச் சொல்ல, தூளிக்குள்ளிருந்தும் ஏதோ ஒரு பதில் வந்துகொண்டிருந்தது.

பொங்கல் முடிந்து எதிர்வீட்டு அக்கா வந்துவிட்டார். தூளியை அவிழ்த்த அன்று வகுப்பு துக்க வீடு மாதிரி இருந்தது. முழுப் பரீட்சையும் முடிந்தது. ஒப்பந்தத்தைப் பற்றிக் கணவர் ஏதாவது கேட்பார் என்று மே மாதம் முழுவதும் பயந்துகொண்டிருந்தேன். ஒரு மாலை செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“உனக்கு ஜூன்ல ஸ்கூல் என்னைக்குத் தொறக்காங்க? அதுக்குத் தக்கன ஷிப்ட் கேக்கணும்லா.”

அவ்வளவுதான். நான் அடுப்படிக்குப் போய்ப் பால் காய்ச்சினேன். பொங்கி வழிந்தது.

வருடங்கள் போய்விட்டன. புதிய புதிய ஏழாம் வகுப்புகள் வருகின்றன. இப்போதும் தவறான பதில் ஒன்று வந்தால் எனக்கு உள்ளுக்குள் உற்சாகம் பொங்குகிறது. இந்தப் பிள்ளை எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்து என் மகளின் கூட்டல் கணக்கில் ஒரு தப்பைக் கண்டால் ரப்பரை எடுத்து நானே அழித்துவிடுகிறேன். இவள் பின்தங்கிவிடுவாளோ, நான் வேலைக்குப் போவதால்தானோ, நேற்றுச் சரியாகச் சாப்பிடாததாலோ என்று ஓடுகிறது மனது. அவளை நான் குறைவாக நேசிக்கவில்லை. அளவுக்கு மீறி நேசிப்பதால்தான் சிரிக்க முடியவில்லையோ என்னவோ. ஊரார் பிள்ளையிடம் வருகிற பொறுமை என் பிள்ளையிடம் ஏன் வருவதில்லை? அவள் சத்தத்திலும் தூங்குவாள் என்று தெரிந்துகொள்ள அன்று ஒரு வகுப்பு தேவைப்பட்டது. இன்று வீட்டில் கணக்குப் போட உட்கார்ந்தால் நானும் அவளும் மட்டும்தான்.

இதைப் படிக்கிறவர்களில் ஆசிரியைகளாகவும் அம்மாக்களாகவும் இருப்பவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். பள்ளியில் இருக்கிற உங்களை எப்படி வீட்டு வாசல் தாண்டிக் கூட்டி வருகிறீர்கள்? செருப்போடு சேர்த்து வெளியே விட்டுவிடாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்? இன்னும் சில வருடங்களில் அவளும் ஏழாம் வகுப்புக்கு வருவாள். அவளை என் வகுப்பிலேயே உட்கார வைத்துக்கொள்ளலாமா, அல்லது அந்த ஒரு வருடம் வேறு வகுப்புக் கேட்டு வாங்கிக்கொள்வது அவளுக்கு நல்லதா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். கவலைப்படாதே என்று மட்டும் எழுத வேண்டாம். அதை என் கணவர் தினமும் சொல்கிறார். எப்படி என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.